ஓடுவதும் ஓட்டுவதும்: ‘ரன்’ என்னும் ஆங்கில வினையும் பாரிசுத் தமிழரின் ‘கார் ஓடுதலும்’

1. முன்னுரை

பாரிசு மாநகரின் 10 ஆம் வட்டாரத்தில், வடக்குத் தொடர்வண்டி நிலையத்தின் பாதைகளுக்கும் கிழக்குத் தொடர்வண்டி நிலையத்தின் பாதைகளுக்கும் இடைப்பட்ட பகுதியில், ரூ பெர்தொனே என்னும் சிறு தெரு அமைந்துள்ளது. தமிழர் லாச்சப்பல் என்று ஒட்டுமொத்தமாகக் குறிப்பிடும் கடைத்தெருப் பகுதியின் ஓர் உறுப்பு இது. இங்குத் தமிழ் ஒன்றாக ஒலிப்பதில்லை. 1962 இல் நடைமுறைக்கு வந்த கையளிப்பு உடன்படிக்கையின் வழிப் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தக்கவைத்துக்கொண்ட புதுச்சேரி, காரைக்கால் தமிழரின் பேச்சும், 1983 இன் பின் பெருந்தொகையாக வந்து சேர்ந்த ஈழத்தமிழரின் பேச்சும் ஒரே கடையின் இரு பக்கங்களில் நின்று உரையாடுகின்றன. ஒருவர் பேச்சு மற்றவருக்குப் பெரும்பாலும் விளங்கும். விளங்காத இடங்களே ஆய்வாளனுக்குப் பயன் தருபவை.

அத்தகைய இடம் ஒன்றை இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. ‘எனக்குக் கார் ஓட்டத் தெரியும்’ என்பார் புதுச்சேரியார். ‘எனக்குக் கார் ஓடத் தெரியும்’ என்பார் யாழ்ப்பாணத்தார். முன்னவர் காதுக்குப் பின்னவர் கூற்று நகைப்புக்குரியதாகப் படுகிறது. ஓடுவது காரா, காரோடு சேர்ந்து இவரும் ஓடுகிறாரா என்று கேலியாகக் கேட்பதுண்டு. கேலி கடைத்தெருவோடு நின்றுவிட்டால் கவலையில்லை. ஆனால் அதுவே தீர்ப்பாக மாறி, வார இறுதித் தமிழ்ப் பள்ளிகளின் கட்டுரை ஏடுகளில் சிவப்பு மையாகவும் இறங்குகிறது.

இத்தீர்ப்புக்கு இரு காரணங்கள் கூறப்படுகின்றன. ஒன்று, இது தன்வினை பிறவினை வேறுபாடு அறியாதார் பேச்சு என்பது. மற்றொன்று, ஆங்கிலத்தின் ‘ரன்’ என்னும் வினையைத் தமிழில் பெயர்த்ததால் விளைந்த வழு என்பது. பின்னது கற்றோர் வாயிலிருந்தும் வருவதால் கூடுதல் கவனத்துக்குரியது. ஆகவே இங்கு முதலில் ‘ரன்’ என்னும் வினையின் தோற்றமும் பொருளும் வழக்கும் ஆராயப்படும். அதன் பின்னர் ‘ஓடு’ என்னும் தமிழ் வினை அதனோடு ஒப்பிடப்படும். ஈழத்துக் ‘கார் ஓடுதல்’ வழுவன்று, ஆங்கிலப் பெயர்ப்பும் அன்று, தமிழ் வினையமைப்பில் பழமையான ஒரு வகையின் தொடர்ச்சி என்பதே இக்கட்டுரையின் கருத்து.

2. ‘ரன்’: இரு வினைகள் ஒன்றான வரலாறு

ஆங்கில வினைகளுள் மிகுதியான பொருள்களைத் தாங்கி நிற்பது ‘ரன்’. ஆக்சுபோர்டு ஆங்கில அகராதியின் மூன்றாம் பதிப்புக்காக இவ்வினையைத் திருத்தியமைத்தபோது 645 பொருட்கூறுகள் பிரித்துக் காட்டப்பட்டன. இப்பணியை மேற்கொண்ட அகராதியியலாளர் பீட்டர் கில்லிவருக்கு இவ்வொரு வினைக்கே ஏறத்தாழ 9 மாதங்கள் தேவைப்பட்டன. கால் கொண்டு விரைதல், நீர் பாய்தல், பொறி இயங்குதல், நாடகம் தொடர்ந்து நடைபெறுதல், கடையை நடத்துதல், தேர்தலில் போட்டியிடுதல் எனத் தம்முள் தொடர்பற்றன போலத் தோன்றும் பொருள்கள் ஒரே வினையில் அடங்கியுள்ளன.

இப்பெருக்கத்திற்கான காரணங்களுள் ஒன்று சொல்லின் பிறப்பிலேயே உள்ளது. இன்றைய ‘ரன்’ ஒரு வினையின் வளர்ச்சியன்று, இரண்டின் கூடல். பழைய ஆங்கிலத்தில் ‘ரின்னன்’ என்றும், எழுத்து இடம்மாறி ‘இர்னன்’ என்றும் வழங்கிய வினை ஒன்றிருந்தது. ஓடுதல், பாய்தல் என்பன அதன் பொருள். அது செயப்படுபொருள் குன்றிய வினை. அதனோடு உறவுடைய ‘ஏர்னன்’ என்னும் வேறொரு வினையும் இருந்தது. குதிரையை ஓடச் செய்தல், குதிரைமேல் விரைந்து செல்லுதல் என்பன அதன் பொருள். அது முன்னதன் பிறவினை. தமிழ் இலக்கணச் சொற்களில் கூறுவதாயின், ‘ரின்னன்’ ஓடுவது, ‘ஏர்னன்’ ஓட்டுவது.

இடைக்கால ஆங்கிலத்தில் இவ்விரண்டும் நெருங்கி ஒன்றோடொன்று கலந்தன. வட இங்கிலாந்தில் குடியேறிய ஸ்காண்டிநேவியரின் மொழியில் இருந்த ஒத்த வினைகளும் இக்கலப்புக்குத் துணைபுரிந்தன. இறந்தகால எச்ச வடிவின் உயிரொலி நிகழ்காலத்துக்கும் பரவி, 16 ஆம் நூற்றாண்டளவில் இன்றைய வடிவம் நிலைபெற்றது. இதன் விளைவாக ஆங்கிலேயர் ‘குதிரை ஓடுகிறது’ என்பதற்கும் ‘குதிரையை ஓட்டுகிறான்’ என்பதற்கும் ஒரே வினையைப் பயன்படுத்தும் நிலை தோன்றியது. கடையை நடத்துதலும் பொறியை இயக்குதலும் இப்பிறவினைப் பக்கத்தின் கிளைகள்.

உறவு மொழியான செருமனில் ‘ரின்னென்’, ‘ரென்னென்’ என்னும் இரு வினைகளும் தனித்தனியே உள்ளன. ஆயினும் பிறவினையாகப் பிறந்த ‘ரென்னென்’ இன்று ‘தானே ஓடுதல்’ என்னும் தன்வினைப் பொருளிலேயே வழங்குகிறது. ஆங்கிலத்தில் இரண்டும் ஒன்றாயின, செருமனில் ஒன்று மற்றொன்றின் இடத்துக்கு நகர்ந்தது. ஓடுதலைக் குறிக்கும் வினைகளில் தன்வினைக்கும் பிறவினைக்கும் இடையிலான எல்லை எளிதில் கடக்கப்படுவது என்பதற்கு இவை சான்றுகள். இவ்வாறு கடந்தமையால் ஆங்கிலமோ செருமனோ சிதைந்துவிட்டதாக எந்த மொழிநூலாரும் கூறியதில்லை.

3. தமிழில் ஓடு, ஓட்டு

தமிழ் இவ்விரு பொருளையும் ஒரு மெய்யெழுத்தின் இரட்டிப்பால் வேறுபடுத்துகிறது. ஓடு – ஓட்டு, ஆடு – ஆட்டு, கூடு – கூட்டு, ஏறு – ஏற்று, மாறு – மாற்று என இதற்கு நீண்ட வரிசை உண்டு. உருகு – உருக்கு, திருந்து – திருத்து போன்றனவும் இவற்றோடு இணைபவை. நன்னூல் எடுத்துரைக்கும் வி, பி விகுதிகளால் அமையும் பிறவினையிலும் இவ்வகை சுருக்கமானது. வ.உ. சிதம்பரம் பிள்ளை 1906 இல் சுதேசிக் கப்பல் நிறுவனத்தைத் தொடங்கியமைக்காகப் பெற்ற ‘கப்பலோட்டிய தமிழன்’ என்னும் பெயரில் இரட்டித்த அந்த டகர மெய்தான் பெருமை முழுவதையும் தாங்குகிறது. அது இல்லையேல் அவர் பயணி அல்லது மாலுமி மட்டுமே.

‘ஓடு’ என்பதன் பொருட்பரப்பும் சிறியதன்று. ஆறு ஓடுகிறது, இரத்தம் ஓடுகிறது, மணிக்கூடு ஓடுகிறது, காலம் ஓடுகிறது, படம் நூறு நாள் ஓடுகிறது. திகைத்து நின்றவருக்குக் கையும் ஓடுவதில்லை, காலும் ஓடுவதில்லை. வீட்டார் விருப்பத்திற்கு மாறாக மணம் செய்துகொண்டவர் ஓடிப்போனவர். திருக்குறளின் இடனறிதல் அதிகாரத்தில் (496) தேர் கடலில் இயங்காமையும் நாவாய் நிலத்தில் இயங்காமையும் இதே வினையால் உணர்த்தப்படுகின்றன. பொறியும் ஊர்தியும் ‘ஓடுதல்’ ஆங்கிலத்தைப் பார்த்து அமைத்துக்கொண்டதன்று என்பதற்கு இக்குறள் ஒன்றே போதும்.

தேர்த் திருவிழாவுக்கு வழங்கும் ‘தேரோட்டம்’ என்னும் சொல்லும் நோக்கத்தக்கது. தேர் ஓடுவதால் அது தேரோட்டமா, மக்கள் அதனை ஓட்டுவதால் தேரோட்டமா? ‘ஓட்டம்’ என்பது ‘ஓடு’ என்பதன் தொழிற்பெயர் என்று இலக்கணம் விடை தரும். ஆனால் ‘தேரோட்டி’ என்னும்போது ‘ஓட்டு’ வந்துவிடுகிறது. தொழிற்பெயர் அளவில் இரு வினைகளும் ஒலியால் ஒன்றையொன்று தொட்டு நிற்கின்றன. லாச்சப்பல் தெருக்களில் ஆண்டுதோறும் ஆகத்து மாத இறுதியையொட்டி மாணிக்க விநாயகர் ஆலயத் தேர் வலம் வரும்போது, ‘தேர் ஓடுது’ என்பதில் ஈழத்தாருக்கும் புதுச்சேரியாருக்கும் கருத்து வேறுபாடில்லை. வேறுபாடு ஊர்திக்குள் மனிதன் ஏறி அமர்ந்த பின்னரே எழுகிறது.

4. ஒப்பீட்டின் எல்லைகள்

ஆங்கிலம்–தமிழ் அகராதிகள் ‘ரன்’ என்பதற்கு ‘ஓடு’ என்று முதற்பொருள் தருவது இயல்பே. ஆனால் இரு வினைகளின் பரப்பும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்துவன அல்ல. அமெரிக்கர் தேர்தலில் ‘ஓடுவர்’, பிரித்தானியர் ‘நிற்பர்’. தமிழர் பிரித்தானியரைப் போல நிற்பவர். ஆங்கிலேயர் கடையை ‘ஓட்ட’, நாம் நடத்துகிறோம். துடுப்பாட்டத்தில் தமிழ்நாட்டு நாளேடுகள் ‘ரன்’ என்றே எழுத, இலங்கை நாளேடுகள் ‘ஓட்டங்கள்’ என எழுதுகின்றன. பெயர்ப்பு என்று துணிந்து சொல்லத்தக்கது இத்தகைய இடமே. அதனை எவரும் பிழையென்று திருத்துவதில்லை.

பிரெஞ்சு இங்கு மூன்றாவதாக ஒரு வழியைக் காட்டுகிறது. மனிதன் ஓடுவதற்கு அம்மொழியில் ‘கூரிர்’. இது இலத்தீன் ‘குர்ரெரே’ என்பதன் வழிவந்தது. பொறி இயங்குவதற்கு ‘மார்ஷே’, அதாவது நடத்தல். ஆங்கிலேயரின் பொறியும் தமிழரின் பொறியும் ஓடுகின்றன, பிரெஞ்சுக்காரரின் பொறியோ நடக்கிறது. நீருக்குக் ‘கூலே’, தப்பியோடுதலுக்குப் ‘ஃபுயிர்’, ஊர்தியைச் செலுத்துதலுக்குக் ‘கொந்துயிர்’. ஆங்கிலம் ஒரு வினைக்குள் அடைத்து வைத்ததைப் பிரெஞ்சு பல வினைகளுக்குப் பங்கிட்டுள்ளது. எனவே தமிழரின் ‘ஓடு’ என்னும் ஒரு சொல்லைப் பிரெஞ்சில் பெயர்ப்பவர் ஒவ்வொரு முறையும் ஒரு தெரிவைச் செய்தாக வேண்டும். இதன் விளைவைப் பின்னர்க் காண்போம்.

5. ஈழத்துக் ‘கார் ஓடுதல்’

யாழ்ப்பாணத்தார் காரும் வானும் லொறியும் பேருந்தும் சைக்கிளும் ‘ஓடுவர்’. ‘கார் ஓடப் பழகிறன்’ என்பது இயல்பான கூற்று. குறித்த ஒரு ஊர்தியைச் சுட்டும்போது ‘லொறியை ஓடினவர்’ என இரண்டாம் வேற்றுமை உருபு ஏற்றும் சொல்வர். ஆகவே இங்கு ‘ஓடு’ உண்மையிலேயே செயப்படுபொருள் குன்றா வினையாக நிற்கிறது. உருபு மறைந்து நிற்கும் தொடர் என்று மட்டும் சொல்லிக் கடந்துவிட இயலாது.

இது ஆங்கிலப் பெயர்ப்பா? ஆங்கிலத்தில் ஊர்தி செலுத்துதலுக்கு உரிய வினை ‘டிரைவ்’. ‘ரன்’ என்பதற்குக் காரைச் செயப்படுபொருளாக்கினால், கார் ஒன்றை வைத்துப் பேணும் செலவைத் தாங்குதல் என்பதோ, அதனை ஓரிடத்திலிருந்து நகர்த்தி வைத்தல் என்பதோதான் பொருளாகும். ஒருவரை நிலையம் வரை ஏற்றிச்சென்று விடுவதற்கும் ‘ரன்’ வரும். ஆனால் அங்குச் செயப்படுபொருள் ஏற்றிச் செல்லப்படும் ஆள், ஊர்தியன்று. ‘எனக்குக் கார் ஓடத் தெரியும்’ என்பதை ‘ரன்’ கொண்டு சொல்லுக்குச் சொல் ஆங்கிலத்தில் பெயர்த்தால், கேட்கும் ஆங்கிலேயர் செலவுக் கணக்கைப் பற்றிய பேச்சென்றே கொள்வர். மூலத்தில் இல்லாத ஒன்றைப் பெயர்ப்பு கடன்வாங்க முடியாது. ஆங்கிலச் செல்வாக்கு என்னும் வாதம் இத்துடன் முடிகிறது.

சிங்களச் செல்வாக்கு எனலாமா? சிங்களத்தில் ஊர்தி செலுத்துதலுக்கு ‘எளவனவா’ என்னும் வினை வழங்குகிறது. அது துரத்துதலையும் குறிக்கும். தன்னை விட்டு வேறொன்றைத் துரத்தும் அவ்வினையின் போக்கு ‘ஓட்டு’ என்பதற்கே நெருக்கமானது. உறவு மொழிகளும் துணை வருவதில்லை. மலையாளம் ‘ஓடிக்குக’ எனவும், கன்னடம் ‘ஓடிசு’ எனவும் பிறவினையாலேயே ஊர்தி செலுத்துதலைச் சொல்கின்றன. தெலுங்கு நடத்தற்பொருள் தரும் வினையின் பிறவினையாகிய ‘நடுப்பு’ என்பதைக் கையாள்கிறது. சுற்றியுள்ள எம்மொழியிலிருந்தும் பெறப்படாத ஒன்றை ஈழத்தமிழ் தன்னுள்ளிருந்தே பெற்றிருக்க வேண்டும்.

இரட்டித்த மெய் ஈழத்துப் பேச்சில் தேய்ந்துவிட்டது என்பதும் பொருந்தாது. யாழ்ப்பாணத்தார் வீடு கூட்டுவர், தொட்டில் ஆட்டுவர், உடுப்பு மாற்றுவர். அங்கெல்லாம் இரட்டிப்பு உறுதியாக நிற்கிறது. மேலும் ‘மாட்டை ஓடினான்’ என எந்த யாழ்ப்பாணத்தாரும் சொல்லார். ஓடும் பொருள் மாடாயின் தன்வினை மறுக்கப்படுகிறது, காராயின் ஏற்கப்படுகிறது. அறியாமை இவ்வளவு ஒழுங்காகச் செயற்படாது. இவ்வொழுங்குக்கு அடியில் ஒரு விதி உள்ளது.

அவ்விதியைக் காணக் கு. பரமசிவம் நமக்கு வழிகாட்டுகிறார். சிக்காகோப் பல்கலைக்கழகத்தில் 1972 இல் அளித்து 1979 இல் நூலாக வெளிவந்த தம் ஆய்வில், தமிழின் இணை வினைகளைச் செயப்படுபொருளின் இருப்பு இன்மை கொண்டு பிரிப்பது போதாது என அவர் நிறுவினார். செயலின் விளைவு எழுவாயின் மேல் விழுகிறதா, எழுவாயிலிருந்து புறப்பட்டு வேறொன்றின் மேல் விழுகிறதா என்பதே உண்மையான பிரிகோடு. ‘கரையை அடைந்தான்’ என்பதில் செயப்படுபொருள் உண்டு. ஆயினும் அடைதலின் விளைவு அடைந்தவன் மேலேயே நிகழ்கிறது.

இவ்வளவுகோலைக் காருக்கு வைத்துப் பார்க்கலாம். மாட்டை ஓட்டுபவன் பின்னால் நிற்கிறான், இடம்பெயர்வது முதன்மையாக மாடு. காரைச் செலுத்துபவனோ காருக்குள் இருக்கிறான். கார் செல்லும் இடமெல்லாம் அவனும் செல்கிறான். இயக்குபவனும் அவனே, இயக்கத்திற்கு உட்படுபவனும் அவனே. தமிழ்நாட்டு வழக்கு அவனது முதற்கூற்றை நோக்கி ‘ஓட்டுகிறான்’ என்கிறது. ஈழத்து வழக்கு இரண்டாம் கூற்றை நோக்கி ‘ஓடுகிறான்’ என்கிறது. இரண்டும் ஒரே நிகழ்வின் இரு பார்வைகள். ஒன்று சரியாதலால் மற்றொன்று பிழையாவதில்லை.

இப்பார்வைக்குப் பழந்தமிழில் முன்னோடி உண்டா என்பதே இறுதிக் கேள்வி. உண்டு. ‘ஊர்’ என்னும் வினையே அது. எறும்பு ஊர்கிறது, பாம்பு ஊர்கிறது என்பவற்றில் அது தானே நகர்தலைக் குறிக்கிறது. அதே வினை, வடிவம் சிறிதும் மாறாமல், குதிரை ஊர்தல், யானை ஊர்தல், தேர் ஊர்தல் என ஏறிச் செல்லுதலையும் குறிக்கிறது. திருக்குறளின் 37 ஆம் குறள் சிவிகையில் ஏறிச் செல்பவனை ‘ஊர்ந்தான்’ என்றே சுட்டுகிறது. நகர்வதற்கும் நகர்வதன் மேல் ஏறிச் செல்வதற்கும் ஒரே தன்வினை. இன்று தமிழ்நாட்டு அரசு ஆவணங்கள் விரும்பும் ‘ஊர்தி’ என்னும் பெயர்ச்சொல் இவ்வினையின் வழிவந்ததே. ஊர்தியை ஊர்ந்தவர் வழிவந்தோர் காரை ஓடுவதில் வியப்பில்லை. ‘ஊர்’ தளர்ந்த இடத்தில் ‘ஓடு’ அதன் அமைப்பை ஏற்றுக்கொண்டு நிற்கிறது.

வினை இவ்வாறிருக்க, வினைசெய்பவரைக் குறிக்கும் பெயரில் நிலைமை தலைகீழாகிறது. தமிழ்நாட்டில் ‘ஓட்டுநர் உரிமம்’, இலங்கையில் ‘சாரதி அனுமதிப்பத்திரம்’. ஓடுபவரை ‘ஓடுநர்’ என அமைத்துக்கொள்ள ஈழத்தமிழ் முன்வரவில்லை. வடசொல்லாகிய சாரதியையே நாடியது. தன்வினையிலிருந்து பெயர் ஆக்கினால் அது பந்தயத்தில் ஓடுபவரையோ களத்திலிருந்து ஓடுபவரையோ சுட்டிவிடும் என்னும் உணர்வு இதற்குக் காரணமாகலாம். தம் வினை இருபொருள் படுவதை அவ்வழக்கினர் உணர்ந்தே கையாள்கின்றனர் எனக் கொள்ள இது இடந்தருகிறது.

6. ரூ பெர்தொனேயில் மூன்றாம் மொழி

ரூ பெர்தொனே தன் பெயரைப் பெற்றது ஒகுஸ்த் பெர்தொனே (1801–1867) என்னும் இருப்புப்பாதைப் பொறியியலாளரிடமிருந்து. பிரான்சில் தொடர்வண்டிகள் ஓடத் தொடங்கிய காலத்தில் அத்துறைக்குப் பாடநூல் எழுதியவர் அவர். அடுத்துள்ள ரூ காய், நீராவி எந்திரங்களை ஆக்கிய தொழிலதிபர் ஒருவரின் பெயரைத் தாங்குகிறது. இத்தெருக்களில் வளரும் ஈழத்தமிழ்ப் பிள்ளைகளுக்கு ‘கார் ஓடு’ என்பதன் நெருங்கிய ஒப்புமை ஆங்கிலத்திலன்றிப் பிரெஞ்சிலேயே கிடைக்கிறது. அது ‘ரூலே’ என்னும் வினை. சக்கரத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல்லின் வழிவந்தது. கார் ‘ரூலே’ செய்கிறது, காரைச் செலுத்துபவரும் ‘ரூலே’ செய்கிறார். மணிக்கு 50 கிலோமீட்டர் விரைவில் ‘ஓடுகிறேன்’ என்று பிரெஞ்சுக்காரர் சொல்லும்போது ஓடுவது அவரா காரா என எவரும் கேலி செய்வதில்லை. செலுத்துபவரின் ஆளுமையை அழுத்திச் சொல்லக் ‘கொந்துயிர்’ உண்டு, சாலையில் அவர் செல்வதைச் சொல்ல ‘ரூலே’ உண்டு. ஒரே மொழிக்குள் இரண்டும் இடம்பெற்று வாழ்கின்றன.

இதனால் ஈழத்து வழக்கு பிரெஞ்சிலிருந்து வந்தது என்பது கருத்தன்று. அவ்வழக்கு புலம்பெயர்வுக்கு முற்பட்டது. பிரெஞ்சு அதற்குக் கூறும் சான்று வேறு. ஏறிச் செல்பவனையும் ஏறப்படுவதையும் ஒரே வினையால் சொல்லுதல் மனித மொழிகளுக்கு அயலான ஒன்றன்று என்பதே அது. ‘கார்’ என்னும் சொல்லின் மூலமாகிய ‘கர்ருஸ்’ என்பதையும் ஓடுதற்பொருள் தரும் ‘குர்ரெரே’ என்பதையும் ஒரே வேரினவாக மொழிநூலார் கொள்வர். அவ்வகையில் ‘கார்’ என்பதே ‘ஓடுவது’ எனப் பொருள்படும்.

7. பிழையென்பதன் விலை

இஃது அறிஞர் பொழுதுபோக்குக்குரிய நுணுக்கம் அன்று. இரு இடங்களில் இதற்கு விலை கொடுக்கப்படுகிறது.

முதலாவது வகுப்பறை. பிரான்சின் உயர்பள்ளி இறுதித் தேர்வில் தமிழும் ஒரு மொழியாக ஏற்கப்பட்டுள்ளது. அதற்கு ஆயத்தம் செய்யும் மாணவி ‘அப்பா பேருந்து ஓடுகிறார்’ என எழுதினால், திருத்துபவர் புதுச்சேரி வழக்கினராயின் அதைத் தவறெனக் கொள்ள இடமுண்டு. எழுத்துத் தமிழுக்குப் பொதுவழக்கு வேண்டும் என்பதில் ஐயமில்லை. ‘பொதுவழக்கில் ஓட்டு என எழுதுக’ என்பது ஒரு கற்பித்தல். ‘நீ எழுதியது தமிழன்று’ என்பது வேறு. தந்தையின் தொழிலைத் தந்தையின் சொல்லால் எழுதிய பிள்ளைக்கு இரண்டாவதைச் சொல்லும்போது, அவள் வீட்டில் பேசப்படுவது தமிழன்று என்றே சொல்கிறோம். புலம்பெயர் சூழலில் பிள்ளைகள் வீட்டுமொழியைக் கைவிட இத்தகைய சொற்கள் போதும்.

இரண்டாவது அகதி விண்ணப்ப விசாரணை. 1952 இல் நிறுவப்பட்ட, நம்மவர் ‘ஒப்ரா’ என வழங்கும் பாதுகாப்பு அலுவலகத்தில் விண்ணப்பதாரர் தமிழில் பேச, மொழிபெயர்ப்பாளர் பிரெஞ்சில் சொல்ல, அதுவே பதிவாகிறது. விளக்கத்திற்காக ஓர் எடுத்துக்காட்டை அமைத்துக்கொள்வோம். ‘நான் அவையளுக்கு வான் ஓடினனான்’ என ஒருவர் கூறுகிறார். அவர்களுக்காக வான் செலுத்தினேன் என்பது பொருள். ஈழத்து வழக்கு அறியாத ஒருவர் ‘வான்’ என்பதைச் சரியாகப் பிடிக்காமல், அவர்களுக்கு அஞ்சி ஓடினேன் எனக் கொண்டு ‘ஃபுயிர்’ என்னும் வினையைத் தெரிந்தால், ஊழியம் செய்தவர் தப்பியோடியவராகிறார். ‘ஓடினனான்’ என உண்மையிலேயே தப்பியோடியதைச் சொன்னவர், மறுதலையாக, சாரதியாகப் பதிவாகவும் கூடும். ஆயுதக் குழுவொன்றுக்கு ஊர்தி செலுத்தியமைக்கும் அதனிடமிருந்து ஓடியமைக்கும் 1951 ஆம் ஆண்டின் செனீவா உடன்படிக்கையின்கீழ் எழும் கேள்விகள் ஒன்றல்ல. அடுத்த விசாரணையில் அவரே தெளிவாகக் கூறும்போது, முன்னுக்குப்பின் முரண் என அது எண்ணப்படவும் கூடும். ஒரு வினையின் வட்டார வழக்கை அறிதல் இங்கு ஒரு மனிதரின் நம்பகத்தன்மையைக் காப்பதாகும்.

இவ்விடத்தில் சொல்லின் மற்றொரு சுமையும் நினைவுக்குரியது. புறத்திணைப் பாடல்களில் ‘ஓடா’ என்னும் எதிர்மறை எச்சம் புறமுதுகிடாத வீரனுக்கு உரிய அடை. ஓடுதல் அங்குத் தோல்வி. 1995 ஒற்றோபர் இறுதியில் வலிகாமத்திலிருந்து மக்கள் ஒட்டுமொத்தமாக வெளியேறியதை நினைவுகூர்வோர் ‘ஓடி வந்தம்’ என்று சொல்வதுண்டு, ‘இடம்பெயர்ந்தம்’ என்று சொல்வதும் உண்டு. எச்சொல்லைத் தெரிகின்றனர் என்பதில் மானமும் துயரும் கலந்துள்ளன. தப்பி ஓடிய அதே வினையால், வந்து சேர்ந்த நாட்டில் வாடகைக் காரும் வினியோக வானும் ஓடிக் குடும்பத்தைக் காத்தமையையும் சொல்கின்றனர். ஒரு தலைமுறையின் இழப்பும் உழைப்பும் ஒரே வினையில் அடங்கியிருக்க, அதன் ஒரு பாதியைப் பிழையெனத் தள்ளுவது மொழித்தூய்மையாகாது.

8. அகராதிக்கு ஒரு வேண்டுகோள்

சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் (1924–1936) இலக்கிய வழக்கை முதன்மையாகக் கொண்டது. க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி 2008 ஆம் ஆண்டின் இரண்டாம் பதிப்பில் இலங்கை வழக்குகளுக்கு எனக் குறியீடு தந்து கதவைத் திறந்தது. இனிச் செய்ய வேண்டுவது அக்குறியீட்டோடு இலக்கண விளக்கத்தையும் சேர்ப்பதாகும். ‘ஓடு’ என்னும் பதிவின்கீழ் இவ்வாறு அமையலாம்: ‘ஈழத்து வழக்கு. தான் ஏறிச் செல்லும் ஊர்தியைச் செலுத்துதல். செயப்படுபொருள் குன்றா வினை. விலங்கைச் செலுத்துதலுக்கு வாராது. ஒப்புநோக்குக: ஊர், ஓட்டு.’ இவ்வைந்து சிறு கூறுகள் ஆசிரியருக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் தேர்வாளருக்கும் ஒருங்கே பயன்படும்.

9. முடிவுரை

‘ரன்’ என்னும் வினை, தன்வினையும் பிறவினையும் கலந்து ஒன்றானதால் வளம் பெற்றது. ‘ஓடு’, ‘ஓட்டு’ என்பவற்றைத் தமிழ் இரண்டாகவே காத்து வந்துள்ளது. அதே வேளையில் ஏறிச் செல்பவனையும் செல்வதையும் ஒரே தன்வினையால் சொல்லும் வேறொரு வகையையும் ‘ஊர்’ என்பதன் வழிப் பேணியது. ஈழத்துக் ‘கார் ஓடுதல்’ இரண்டாம் வகையைச் சார்ந்தது. அது ஆங்கிலத்திடம் கடன்பட்டதன்று, இலக்கணத்திற்கு மாறானதும் அன்று.

மூன்றாம் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு 1970 இல் பாரிசில் கூடியது, நான்காவது 1974 இல் யாழ்ப்பாணத்தில் கூடியது. முதலதன் காலத்தில் லாச்சப்பலில் யாழ்ப்பாணத்துக் கடைகள் இல்லை. அவ்விரு நகரங்களின் தமிழும் இன்று ஒரே தெருவில் கலந்து ஒலிக்கின்றது. அதனைக் கேட்பதும் பதிவதும் விளக்குவதும் நம் துறையின் கடமை. திருத்துவதற்கு முன் விளக்கவேண்டும் என்பது இலக்கண ஆசிரியர்கள் நமக்கு விட்டுச்சென்ற மரபுமாகும்.